பதினேழாம் எண்ணின் முதல் பருவம்: கணினிக்குள் நடத்திய ஒரு ஜூனியர் ஹாக்கி லீக்

ஐஸ் ஹாக்கியின் ஜூனியர் லீக் ஒன்றைக் கணினிக்குள் முழுப் பருவத்துக்கும் நடத்தி, அதில் பதினாறு வயதுப் புதுமுக வீரர் ஒருவரை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை பின்தொடர வேண்டும் என்பதே இந்தச் செய்முறையின் நோக்கம். இதற்கென்றே கடையில் கிடைக்கும் மேலாளர் விளையாட்டு மென்பொருட்கள் உண்டு. ஆனால் அவற்றில் ஒரு கோல் ஏன் விழுந்தது என்று கேட்டால் உள்ளே திறந்து பார்க்க வழியில்லை. எனக்கு அந்த உள்பக்கம்தான் வேண்டும் என்பதால், பைத்தானில் நானே எழுதிய நிரலையும், முடிவுகளைச் சேர்த்து வைக்க ஒரு விரிதாளையும் மட்டுமே பயன்படுத்தினேன்.

கனடாவின் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டேன். கனடிய ஹாக்கி லீக் என்ற குடையின் கீழ் இயங்கும் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் அதுவும் ஒன்று. அதன் 20 அணிகளில் பதினேழு ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கின்றன. மற்றவை எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவின் ஈரியிலும் மிச்சிகனின் சகினா, ஃபிளிண்ட் ஆகிய ஊர்களிலும் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் 68 ஆட்டங்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ, அதிலும் சமநிலை நீடித்தால் வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி. ஆடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரை உள்ளவர்கள். 20 வயதினர் ஓர் அணியில் மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது. இந்த விதிகளை அப்படியே வைத்துக்கொண்டேன். ஊர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டேனே தவிர, கழகங்களின் பெயர்களையோ உண்மையான வீரர்களையோ எடுத்துக்கொள்ளவில்லை. வீரர்கள் அனைவருக்கும் சீருடை எண் மட்டுமே உண்டு. என் புதுமுகம் சட்பரி அணியின் நடுக்கள முன்னாட்டக்காரர். அவருடைய எண் 17.

பெரியவர்கள் ஆடும் தொழில்முறை லீக்கான என்எச்எல்லை விட்டுவிட்டு ஜூனியரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜூனியரில் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பதினாறு வயதுப் பையனும் இருபது வயது இளைஞனும் ஒரே பனித்தளத்தில் மோதுகிறார்கள்; நான்கைந்து ஆண்டுகளில் அணி முழுவதும் மாறிவிடுகிறது; இந்த ஆண்டு நான்காம் வரிசையில் உட்கார்ந்திருப்பவன் அடுத்த ஆண்டு முதல் வரிசையில் இருக்கலாம். கணினிப் பாவனை எழுதுபவருக்கு இதைவிடச் சவாலான, சுவையான களம் அமைவது கடினம்.

முதலில் எழுதிய ஆட்ட இயந்திரம் மிக எளியது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 3.5 கோல் அடிக்கும் என்று வைத்துக்கொண்டு, எதிரணியின் தடுப்பு வலிமையையும் சொந்த ஊர்ச் சாதகத்தையும் பெருக்கி, கிடைக்கும் சராசரிக்குப் பாய்சான் பரவலிலிருந்து (சராசரி தெரிந்தால், ஒன்று எத்தனை முறை நிகழும் என்பதன் வாய்ப்புகளைத் தரும் பரவல்) ஓர் எண்ணை எடுப்பது. எதிரணிக்கும் அவ்வாறே செய்து, பெரிய எண் பெற்றவருக்கு வெற்றியைக் கொடுப்பது. இருபது வரிகளுக்குள் அடங்கிவிடும் இந்த நிரல், முழுப் பருவத்தையும் கண் இமைக்கும் நேரத்தில் நடத்திவிட்டது. அது தந்த புள்ளிப் பட்டியலும் பார்வைக்கு நம்பும்படியாகவே இருந்தது. கோல்கள் அரிதாகவும், ஒன்றையொன்று அதிகம் சாராமலும் விழும் ஆட்டங்களுக்குப் பாய்சான் பரவல் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது.

பொருந்தாத இடம் சமநிலை ஆட்டங்களில் தெரிந்தது. இரு அணிகளுக்கும் சராசரி 3.5 என்றால், 60 நிமிட முடிவில் கோல்கள் சமமாக இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 15 சதவீதம்தான். சராசரியை 3 ஆகக் குறைத்தாலும் ஆறில் ஒன்றைத் தாண்டுவதில்லை. ஆனால் என்எச்எல்லில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கூடுதல் நேரத்துக்குப் போகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கணிதத்தில் இல்லை, புள்ளி விதியில் இருக்கிறது. சமநிலையில் மூன்றாம் (இறுதி) பகுதியின் கடைசி நிமிடங்களுக்கு வந்துவிட்ட இரு அணிகளுக்கும், இன்னும் சில நிமிடங்கள் கோல் விழாமல் பார்த்துக்கொண்டால் தலைக்கு ஒரு புள்ளி உறுதி. எனவே இருவருமே துணிவைக் குறைத்துக்கொள்கிறார்கள். கோல்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் அந்த இடத்தில் உடைகிறது. மூன்றாம் பகுதியின் பிற்பாதியில் ஆட்டம் சமநிலையில் இருந்தால் இரு தரப்பின் ஷாட் வேகத்தையும் குறைக்கும் ஒரு வரியைச் சேர்த்த பிறகு, கூடுதல் நேர ஆட்டங்களின் விகிதம் உயர்ந்தது. அதேபோல, ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி இரண்டு நிமிடங்களில் கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கும் வழக்கத்தையும் சேர்த்தேன். ஒரு கோல் வித்தியாச ஆட்டங்கள் பல, காலி வலையில் விழும் கோலால் இரண்டு கோல் வித்தியாசமாக மாறுவது இதனால்தான்.

ஆனால் இவ்வளவு செய்தும் பதினேழாம் எண் அந்த இயந்திரத்துக்குள் எங்கும் இல்லை. அணிக்கு எத்தனை கோல் என்பது தெரிகிறது; யார் அடித்தார் என்பது தெரியவில்லை. கோல்களைப் பிறகு வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்தான். அப்படிச் செய்தால் வீரர் ஆட்டத்தின் விளைவாக இருப்பாரே ஒழிய, அதன் காரணமாக இருக்க மாட்டார். ஒரு புதுமுகத்தின் பருவத்தைப் பின்தொடர இது உதவாது.

ஆகவே இரண்டாவது இயந்திரத்தை ஷிஃப்ட் அளவில் எழுதினேன். ஐஸ் ஹாக்கியில் வீரர்கள் ஒரே மூச்சில் நெடுநேரம் ஆடுவதில்லை. முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு இருக்கைக்குத் திரும்புவார்கள். அடுத்த வரிசை இறங்கும். 60 நிமிட ஆட்டத்தை 45 விநாடித் துண்டுகளாக வெட்டினால் 80 ஷிஃப்ட்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் களத்தில் இருக்கும் பத்து ஆட்டக்காரர்களின் திறன் எண்களைக் கொண்டு எந்த அணிக்கு ஷாட் கிடைக்கிறது என்பதை முதலில் தீர்மானிக்கிறேன். அதன்பின் ஷாட் அடிப்பவர் யார், அது கோலாகிறதா, கோலானால் அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸுக்கான பதிவு) யாருக்கு என்று வரிசையாகப் போகிறது. ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 30 முதல் 35 ஷாட், பத்தில் ஒன்று கோல் என்ற அளவை வைத்துக்கொண்டால் பழைய சராசரி மீண்டும் கிடைத்துவிடுகிறது. ஹாக்கியில் ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு அசிஸ்ட்கள் பதிவாகலாம். எல்லாக் கோலுக்கும் இரண்டு கிடைப்பதில்லை என்பதால், சராசரி ஒரு கோலுக்கு 1.7 அசிஸ்ட் என்னும்படி நிகழ்தகவைச் சரிசெய்தேன்.

இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் பயிற்சியாளர் என்ற ஒருவர் தேவைப்பட்டார். இருபது பேர் கொண்ட ஆட்ட அணியில் பன்னிரண்டு முன்னாட்டக்காரர்கள், ஆறு தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு கோல்காப்பாளர்கள். முன்னாட்டக்காரர்களை மும்மூன்று பேராக நான்கு வரிசைகளாக யார் பிரிப்பது? எந்த வரிசை எத்தனை ஷிஃப்ட் ஆடும்? அணியின் நன்மைக்காக மட்டும் சிந்திக்கும் ஒரு சிறு சார்பை (நிரலுக்குள் ஒரு வேலையை மட்டும் செய்யும் தனிப் பகுதியை) எழுதினேன். அது வீரர்களின் திறன் எண்ணையும் வயதையும் அண்மைய ஆட்டங்களையும் பார்த்து வரிசை பிரிக்கும். முதல் வரிசைக்கு ஏறத்தாழ 20 நிமிடம், நான்காம் வரிசைக்கு எட்டு நிமிடம். எனக்குப் பிடித்த வீரர் யார் என்பது அந்தச் சார்புக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

பருவத்தைத் தொடங்குமுன் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடும் விதித்துக்கொண்டேன். சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதையை (அவற்றின் வரிசை முழுவதையும் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை) ஒருமுறை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த ஓட்டத்தையே அதிகாரபூர்வப் பருவமாகக் கொள்வது; நாள்தோறும் ஓர் ஆட்ட நாளின் முடிவுகளை மட்டும் படிப்பது; பருவம் முடியும் வரை வேறு விதையில் ஓட்டிப் பார்க்காமல் இருப்பது. இல்லையேல் பிடிக்காத முடிவை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டும் ஆசை வந்துவிடும். அந்த ஆசை வந்துவிட்டால் அதற்குப் பெயர் பருவம் அல்ல.

பயிற்சியாளர் சார்பு பதினேழாம் எண்ணை எதிர்பார்த்தபடியே நான்காம் வரிசையில் உட்கார வைத்தது. அக்டோபர், நவம்பர் மாதங்களின் ஆட்ட அட்டைகளில் அவர் இருந்ததே தெரியவில்லை. எட்டு நிமிடம் ஆடுவார், ஒரு ஷாட் அடிப்பார், பெனால்டி எதுவும் வாங்காமல் திரும்புவார். முதல் 30 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தவை ஒரு கோலும் மூன்று அசிஸ்ட்களும் மட்டுமே. அட்டைகளை வாசித்துவந்த நண்பர் ஒருவர், பையனுக்குத் திறமை போதவில்லை என்று கருதினார். நானும் அப்போது அதற்கு எதிராக எதையும் சொல்லியிருக்க முடியாது.

வீரர் கணக்கில் கோலுக்கும் அசிஸ்டுக்கும் தலா ஒரு புள்ளி. அந்த நான்கு புள்ளிகளைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நான்காம் வரிசை களத்தில் இருக்கும்போது என் மாதிரியில் 60 நிமிடத்துக்கு 2.3 கோல் என்ற வேகத்தில்தான் அணி கோல் அடிக்கிறது. எட்டு நிமிடத்துக்கு அது ஏறத்தாழ 0.3 கோல். களத்தில் இருக்கும்போது விழும் கோல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் குறிப்பிட்ட ஒரு முன்னாட்டக்காரருக்குக் கோலோ அசிஸ்டோ கிடைக்கும் என்று கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு 0.2 புள்ளி, 30 ஆட்டங்களுக்கு ஆறு. நான்கு என்பது ஆறுக்கு மிக அருகில் உள்ள எண். ஆக, பையன் மோசமாக ஆடவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான்.

டிசம்பரில் இரண்டாம் வரிசையின் நடுக்கள வீரருக்குக் காயம் ஏற்பட்டது. காயங்களும் சமவாய்ப்பு எண்களால் வருபவைதான். பயிற்சியாளர் சார்பு கையிருப்பில் இருந்தவர்களைப் பார்த்து பதினேழாம் எண்ணை இரண்டாம் வரிசைக்கு உயர்த்தியது. நேரம் எட்டு நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடமாயிற்று. இருபுறமும் 19 வயது வீரர்கள். அவர்களில் ஒருவர் அணியின் சிறந்த ஷாட்காரர். அந்த வரிசை களத்தில் இருக்கும்போது கோல் வேகம் 60 நிமிடத்துக்கு 3.2. அதே கணக்கைப் போட்டால் ஓர் ஆட்டத்துக்கு 0.5 புள்ளிக்குச் சற்று மேல். பிப்ரவரிக்குப் பின் இரண்டாவது பவர் பிளே குழுவிலும் இடம் கிடைத்தது. எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் அந்த இரண்டு நிமிடங்களில் கோல் வேகம் இருமடங்குக்கும் மேல் உயர்கிறது. பருவம் முடிந்தபோது அவருடைய கணக்கில் 9 கோல், 22 அசிஸ்ட், மொத்தம் 31 புள்ளிகள் இருந்தன. அவருடைய திறன் எண்களில் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே ஒரு புள்ளிகூட மாற்றமில்லை. பருவத்தின் நடுவே வளர்ச்சி என்பதே இந்த நிரலில் கிடையாது. நண்பரோ, பையன் ஜனவரியில் தன்னம்பிக்கை பெற்றுவிட்டான் என்று எழுதி அனுப்பினார். ஆட்ட அட்டைகளை மட்டும் வாசிப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். தன்னம்பிக்கைக்கு நிரலில் ஒரு மாறிகூட இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

பருவம் முடிந்தபின் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அதே அணிகள், அதே வீரர்கள், வேறு வேறு விதைகள் என்று பருவத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இங்கேதான் இந்தச் செய்முறையின் பயன் முழுமையாகக் கிடைத்தது. டிசம்பர்க் காயத்தை அதே நாளில் நிலைநிறுத்தி ஓட்டினால் பதினேழாம் எண்ணின் சராசரி 29 புள்ளிகளுக்கு அருகில் வருகிறது. பாய்சான் பரவலில் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) சராசரியின் வர்க்கமூலம் என்பதால் அது ஐந்துக்குச் சற்று மேல். அதாவது பெரும்பாலான ஓட்டங்களில் அவர் 18க்கும் 40க்கும் இடையே எங்கோ முடிக்கிறார். காயத்தை நீக்கி, பருவம் முழுவதும் நான்காம் வரிசையிலேயே விட்டால் சராசரி 14 ஆகிறது; பெரும்பாலும் 7க்கும் 21க்கும் இடையே. தொடக்கத்திலிருந்தே இரண்டாம் வரிசையும் பவர் பிளேயும் கொடுத்தால் 45. ஒரே பையன், ஒரே கால்கள், ஒரே கைகள். 14 என்பதும் 45 என்பதும் அவருடைய எண்களே.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நேரத்தை மாற்றாமல் அவருடைய ஷாட், பாஸ் திறன்களை மட்டும் பத்து சதவீதம் உயர்த்தி ஓட்டினேன். சராசரி மூன்று புள்ளிகளே கூடியது. பரவலின் அகலத்துக்கு முன்னால் அந்த மூன்று புள்ளிகளை ஒரு பருவத்தை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதல் பருவத்துப் புள்ளிகளில் பயிற்சியாளரின் நேரப் பங்கீடும் பக்கத்தில் ஆடுபவர்களும் முதலிடம் பெறுகின்றன, அதிர்ஷ்டம் அடுத்தது, பையனின் சொந்தத் திறமை அதற்கும் பின்னால்தான் வருகிறது. நீண்ட காலத்தில் இந்த வரிசை தலைகீழாகும் என்பது உண்மை. திறமை உள்ளவருக்குத்தான் நேரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் கேள்வி முதல் பருவத்தைப் பற்றியது.

கோல்காப்பாளர்களின் நிலை இதைவிடக் கொடுமை. ஜூனியரில் தடுப்பு விகிதம் (வந்த ஷாட்களில் தடுத்தவற்றின் பங்கு) .900 என்பது நல்ல நடுத்தர அளவு. ஒரு பருவத்தில் 1500 ஷாட்களைச் சந்திக்கும் கோல்காப்பாளரின் உண்மைத் திறன் மிகச் சரியாக .900 என்றே வைத்துக்கொள்வோம். ஈருறுப்புப் பரவலின்படி அவருடைய பருவ விகிதத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ .008. எனவே அவர் .885 என்றும் முடிக்கலாம், .915 என்றும் முடிக்கலாம். இரண்டுமே வியப்புக்குரியவை அல்ல. இந்த இரண்டுக்கும் இடையே 45 கோல்கள் இருக்கின்றன. முதலாவது முடிவு வந்தால் அவரை அணியிலிருந்து மாற்றிவிடுவார்கள். இரண்டாவது வந்தால் விருதுப் பட்டியலில் பெயர் இருக்கும். சட்பரியின் கோல்காப்பாளருக்கு அதிகாரபூர்வப் பருவத்தில் கிடைத்தது .889. நிரலில் நான் அவருக்குக் கொடுத்திருந்த திறன் லீக்கின் சராசரிக்குச் சற்று மேலே. அணியின் முழுப் பருவத்தையும் அது பாதித்தது. நான் எதையும் மாற்றவில்லை.

அணிகளுக்கும் இதே கணக்கு உண்டு. எல்லா ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு சரிபாதியாக உள்ள ஓர் அணி 68 ஆட்டங்களில் 34 வெற்றி பெற வேண்டும். ஆனால் அதன் திட்ட விலக்கம் நான்குக்கு மேல். 26 வெற்றியோடு பிளே ஆஃப் வாய்ப்பை இழப்பதும், 42 வெற்றியோடு பிரிவின் உச்சிக்கு அருகில் நிற்பதும் ஒரே அணியின் இரண்டு முகங்களாக இருக்க முடியும்.

பிறந்த மாதம் பற்றி ஒரு தனிக்குறிப்பு தேவை. வீரர்களை உருவாக்கும்போது முதலில் பிறந்த நாட்களை ஆண்டு முழுவதும் சமமாகப் பரப்பியிருந்தேன். உண்மையில் அப்படி இல்லை. கனடிய உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் இணைந்தோரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய ஜூனியர் லீக்குகளின் வீரர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தினர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களிலும், பத்து சதவீதத்தினர் மட்டுமே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பிறந்தவர்கள் என்று காட்டியது. கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஆம் தேதியை எல்லையாகக் கொண்டவை. எட்டு ஒன்பது வயதில், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். உயரமும் எடையும் வேகமும் கூடுதல். தேர்வில் அவன் முன்னே நிற்கிறான். நல்ல பயிற்சியும் அதிக ஆட்டங்களும் அவனுக்கே கிடைக்கின்றன. தொடக்கத்தில் வயதால் வந்த வேறுபாடு, பிற்பாடு உண்மையான திறன் வேறுபாடாகவே கெட்டியாகிவிடுகிறது. நேரம்தான் புள்ளிகளை எழுதுகிறது என்று மேலே கண்டதன் நீண்டகால வடிவமே இது.

வீரர் உருவாக்கத்தில் இந்தச் சாய்வைச் சேர்த்தபோது பதினேழாம் எண்ணுக்கு நவம்பர் மாதம் அமைந்தது. அதில் அவருக்கு ஓர் ஆதாயமும் உண்டு. என்எச்எல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வுக்கு, செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நவம்பரில் பிறந்தவர் அந்த எல்லையைத் தவறவிட்டு அடுத்த ஆண்டுத் தேர்வுக்குத்தான் போக முடியும். அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவர் இரண்டு ஜூனியர் பருவங்களைக் காட்டித் தேர்வுக்குப் போகும்போது, இவர் மூன்று பருவங்களைக் காட்டலாம். நான்காம் வரிசையில் வீணான அக்டோபரையும் நவம்பரையும் ஈடுகட்ட அவருக்குக் காலம் இருக்கிறது.

பயணச் சோர்வை அதிக நுணுக்கமாகச் செய்யவில்லை. ஊர்களுக்கு இடையிலான சாலைத் தூரத்தை ஓர் அட்டவணையில் வைத்து, அடுத்தடுத்த நாட்களில் ஆடும் அணிக்கும் நெடுந்தூரம் பேருந்தில் வந்த அணிக்கும் ஷிஃப்ட் திறனில் சிறு குறைப்பு மட்டும் செய்தேன். குவெல்ஃபும் கிச்சனரும் 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. சூ செயின்ட் மேரியிலிருந்து ஒட்டாவாவுக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். வடக்கே இருக்கும் சட்பரிக்கும் இந்தக் குறைப்பு அடிக்கடி விழுந்தது. பள்ளிக்கூடம் போகும் பையன்கள் என்பதால் ஆட்டங்கள் வார இறுதியை ஒட்டியே குவிகின்றன. மூன்று நாட்களில் மூன்று ஆட்டங்கள் வருவதும் உண்டு. இதன் விளைவு ஓர் ஆட்டத்தில் தெரியாது, பருவத்தில் ஓரிரு வெற்றிகளாகத் தெரியும்.

முடிவுகளை உண்மை உலகத்தோடு உரசிப் பார்த்தபோது பெரிய இடைவெளி ஒன்று மேல்முனையில் தெரிந்தது. என் லீக்கில் எந்த விதையிலும் எந்தப் பதினாறு வயதுப் புதுமுகமும் 60 புள்ளிகளைத் தாண்டவில்லை. ஆனால் ஒன்டாரியோ லீக்கில் 1977-78 பருவத்தில் சூ செயின்ட் மேரி அணிக்கு ஆடிய வெய்ன் கிரெட்ஸ்கி தம் முதல் முழுப் பருவத்திலேயே 70 கோலும் 112 அசிஸ்ட்டும் சேர்த்து 182 புள்ளிகள் எடுத்தார். அந்தக் காலத்தில் கோல்கள் அதிகம் விழுந்தன என்பதைக் கழித்துக்கொள்வோம். பதினைந்து வயதிலேயே லீக்கில் ஆடச் சிறப்பு அனுமதி பெற்ற முதல் வீரரான ஜான் டவாரஸ் 2005-06இல் ஓஷாவா அணிக்காக 77 புள்ளிகளும், அதே அனுமதியுடன் 2012-13இல் ஈரி அணிக்கு ஆடிய கானர் மெக்டேவிட் 66 புள்ளிகளும் எடுத்தார்கள். என் வீரர்களின் திறன் எண்கள் இயல்நிலைப் பரவலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பரவலின் வால், அதாவது சராசரியிலிருந்து வெகுதூரம் விலகிய முனை, மிக விரைவாக மெலிந்துவிடும். உண்மையில், பல தலைமுறை வீரர்களில் ஒருவர் என்ற அளவுக்கு அபூர்வமானவர்கள், இயல்நிலைப் பரவல் அனுமதிப்பதைவிட அடிக்கடி வருகிறார்கள். வாலைத் தடிப்பாக்கும் வேறொரு பரவலுக்கு மாற்றினேன். சில விதைகளில் அத்தகைய ஒருவர் தோன்றினார். பயிற்சியாளர் சார்பு அவரை முதல் நாளிலேயே முதல் வரிசையில் வைத்தது. அபூர்வத் திறமை மட்டுமே நேரத்துக்காகக் காத்திருப்பதில்லை போலும்.

கூட்டல் கழித்தல் கணக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது சம ஆட்கள் நிலையில் அணி அடித்த கோல்களையும் வாங்கிய கோல்களையும் கழித்துக் கிடைப்பது அது. பதினேழாம் எண்ணுக்கு அது கழித்தல் 11. மேலே சொன்ன கோல்காப்பாளரின் பங்கு அதில் பெரிது என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. விரிதாளில் அந்த நெடுவரிசையையே மறைத்துவிட்டேன்.

சட்பரி எட்டாமிடத்தில் முடித்து பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்கே தொடர் என்ற ஏழு ஆட்டத் தொடரில் ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 55 சதவீதமாக உள்ள அணிக்கு, தொடரை வெல்லும் வாய்ப்பு 61 சதவீதம். நான்கு சுற்றுகளையும் அதே வாய்ப்போடு கடக்க வேண்டுமானால் 14 சதவீதத்தைத் தொடாது. முதலிடம் பெற்ற அணிக்கு எதிராகச் சட்பரியின் வாய்ப்பு இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் இருந்தது. ஐந்து ஆட்டங்களில் தொடர் முடிந்தது. பதினேழாம் எண் ஐந்திலும் ஆடி இரண்டு அசிஸ்ட் எடுத்தார். வென்ற ஒரே ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் விழுந்த கோலுக்குக் கிடைத்த முதல் அசிஸ்ட் அவருடையது. அந்த ஆட்ட அட்டையை மட்டும் நான் தனியாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். பரவல்களைப் பற்றி இவ்வளவு எழுதியவன் இதைச் செய்யலாமா என்று நண்பர் கேட்டார். விதைகள் எத்தனை இருந்தாலும், நாள்தோறும் நான் உட்கார்ந்து வாசித்த பருவம் அது ஒன்றுதான் என்று பதில் எழுதினேன்.

அடுத்த பருவத்துக்கான வேலைகள் தொடங்கிவிட்டன. கோடைக்கால வளர்ச்சிச் சார்பு இப்போது வயதை ஆண்டாக அல்லாமல் மாதமாகக் கணக்கிடுகிறது. ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்களுக்கு வளர்ச்சி சற்றுத் தாமதமாகவும் நீண்டும் வரும். அணியின் 20 வயது வீரர்கள் மூவரும் வயது வரம்பைத் தாண்டிவிட்டதால் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டார்கள். காயம்பட்ட நடுக்கள வீரர் குணமாகி, இருபது வயதுக்குரிய மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்துத் திரும்பியிருக்கிறார். பதினேழாம் எண்ணுக்குச் சறுக்கு வேகத்தில் நான்கு, பாஸ் திறனில் மூன்று கூடியிருக்கின்றன. ஷாட்டில் எதுவும் கூடவில்லை. வளர்ச்சிச் சார்பை ஓட்டியபின் பயிற்சியாளர் சார்பு முதலில் தந்த வரிசைப் பட்டியலில், திரும்பி வந்தவர் இரண்டாம் வரிசையின் நடுவிலும், பதினேழாம் எண் மூன்றாம் வரிசையில் பதின்மூன்று நிமிட நேரத்தோடும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலின்படி மேலே சொன்ன கணக்கைப் போட்டால், பவர் பிளே இடம் உறுதியானால் 35 புள்ளிகளை ஒட்டி வரும், உறுதியாகாவிட்டால் 27.